குளிர் குறைய வேண்டி

ஆல்பின் போன் செய்தால் என் தோசை கருகும். பர்மாவில் தாமுவே பகுதியில் எங்கள் சந்து முழுக்கத் தெரிந்த விஷயம் இது. அந்தச் சந்தில் போன் இருந்தது என் வீட்டில் மட்டும்தான். என் வீட்டுக்காரர் இராமையா கப்பல் ஏஜெண்டிடம் வேலை பார்த்த காலத்தில் வந்த போன். அவர் போய்ச் சேர்ந்தார், போன் மட்டும் தங்கிவிட்டது. வாசலில் தோசைக்கடை, உள்ளே போன். மணி அடித்தால் கல்லை அப்படியே விட்டுவிட்டு ஓட வேண்டும். நார்வே என்று தெரிந்ததும் நாலு வீடு தள்ளியிருக்கும் ரோசைக் கூப்பிட வேண்டும். நான் போய்க் கூப்பிடுகிற ஆள் இல்லை, நின்ற இடத்திலிருந்தே கத்துவேன். அதற்குள் கல்லில் கிடப்பது கரியாகிவிடும். தோசைக்குக் காத்திருக்கிற பர்மாக்காரர்கள்கூட எனக்கு முன்னால் "நார்வே, நார்வே" என்று குரல் கொடுக்கப் பழகிவிட்டார்கள்.

ரோஸ் கண் மங்கும்வரை லைங் தாயாவில் ஒரு தையல் ஃபாக்டரியில் இருந்தவள். பஞ்சு வைத்த குளிர்ச் சட்டைகள் தைப்பார்கள். ஏப்ரல் வெயிலில், மின்விசிறி நின்றுபோன கொட்டகையில் உட்கார்ந்து, எந்த நாட்டு மனுஷன் இதைப் போடுவான் என்று ஒன்றும் தெரியாமல் தைத்துத் தள்ளினாள். அவள் வீட்டுக்காரர் ஞானமுத்து மிஷன் பள்ளியில் படித்து ஆபீஸ் குமாஸ்தாவாக ஓய்வு பெற்றவர், சர்ச் பாடகர் குழுவில் அடிக்குரல். எனக்கு அண்ணன் முறை. அவர்களுக்குப் பிள்ளை ஒன்றே ஒன்று, ஆல்பின். மலேசியாவுக்குப் போய் ஹோட்டலில் தட்டுக் கழுவினான். அங்கே அகதி அட்டை கிடைத்தது. அந்த அட்டைக்காரர்களில் சிலரை நார்வே எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்ட நார்வேயும் அவனை ஊர்ப்பக்கம் வைத்துக்கொள்ளாமல், வடக்குக் கோடியில் ஒரு மாட்டுப் பண்ணைக்கு வேலைக்கு அனுப்பிவிட்டது. மாட்டைக் கறிக்கடையில் மட்டுமே பார்த்த பையன், பால் கறக்கிற மெஷினோடு மல்லுக்கு நின்றான்.

அந்தப் பழைய போனில் ரகசியம் பேச முடியாது. அந்தப் பக்கத்துக் குரல் அறை முழுக்கக் கேட்கும். அதனால் பக்கத்து ஊர் பெகு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாவிட்டாலும் ஆல்பினின் ஊர் நன்றாகத் தெரியும். அங்கே பாதி வருஷம் மாடுகள் கொட்டிலை விட்டு வெளியே வராது. கோடையில் வெட்டிய புல்லை வெள்ளை பிளாஸ்டிக்கில் உருட்டிச் சுற்றி வயலோரம் அடுக்கி வைத்திருப்பார்கள், குளிர்காலம் முழுக்க மாட்டுக்கு அதுதான் சாப்பாடு. மார்கழியில் சூரியன் எட்டியே பார்க்காது. நடுப்பகலில் கொஞ்ச நேரம் வானம் வெளிறும், அதோடு சரி. பண்ணைக் கிழவருக்குப் பேச்சு குறைவு. காலையில் வெளியே வந்து மூக்கைத் தூக்கி மோந்து பார்த்து, இன்றைக்கு இன்ன காற்று என்பார், அது அப்படியே நடக்கும்.

ஒரு ஏரியும் உண்டு. கொட்டில் ஏரிக்கு அந்தக் கரையில். ஆல்பினும் அவனோடு வேலை செய்த லியான் என்ற நம் பர்மாவின் சின் மலைப் பையனும் தங்கியிருந்தது இந்தக் கரையில். கோடையில் படகில் போவார்கள். குளிர்காலத்தில் ஏரி உறைந்ததும் மேலேயே நடந்து போவார்கள். சுற்றி வரும் ரோடு ரொம்பத் தூரம்.

முதல் குளிர்காலத்தில் நடந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"அம்மா, இங்க ஒரே பனி" என்றான் ஆல்பின்.

"தலையில துண்டைக் கட்டிக்கோ. காலைப் பனி மண்டைக்கு ஆவாது" என்றாள் ரோஸ்.

அவன் அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரித்தான். கதவுக்கு வெளியே இடுப்பளவு கிடக்கிறது, மண்வெட்டியால் வெட்டித்தான் வெளியே வந்தேன் என்றான். ரோசுக்கு அது பிடிபடவே இல்லை. அவள்மேல் தப்பு சொல்ல முடியாது. நம் பேச்சில் புல்மேல் நிற்கிற துளியும் பனிதான், வானத்திலிருந்து கொட்டுகிறதும் பனிதான். பர்மாக்காரர்களைக் கேட்டால் அவர்களுக்கும் இரண்டும் 'நின்'தான். பார்க்காத ஒன்றுக்கு நாம் ஏன் தனியாகப் பெயர் வைக்கப்போகிறோம்? வெட்டியெடுக்கிற பனியாமே என்று ரோஸ் என்னிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். அதன்பிறகும் ஒவ்வொரு போனிலும் துண்டு கட்டச் சொல்லத் தவறவில்லை.

இரண்டாவது குளிர்காலத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. கையுறை நனைந்திருந்ததைக் கவனிக்காமல் ஆல்பின் இரும்புக் கதவைப் பிடித்திருக்கிறான். இரண்டு விரல்கள் முதலில் வெளுத்து, பிறகு கறுத்து, கடைசியில் உணர்ச்சி இல்லாமலே போய்விட்டன. போனில் அழுதான். இருபத்தாறு வயது ஆம்பிளைப் பிள்ளை, "என்னால முடியலம்மா, எலும்புக்குள்ள குளிருது" என்று அழுதான். நான் தோசையைத் திருப்பாமல் நின்றுகொண்டே இருந்தேன். அன்றைக்குக் கருகியதற்கு நான் யாரையும் திட்டவில்லை.

அதற்குப் பிறகுதான் ரோஸ் ஜெபத்தில் இறங்கினாள். ஜெபம் என்றால் ஏனோதானோ ஜெபம் இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம், சாயங்காலம் வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. தான் மட்டும் இருந்தால் போதாதென்று சர்ச் பெண்கள் சங்கம் முழுவதையும் சேர்த்துக்கொண்டாள். குறிப்பாகக் கேட்டால்தான் குறிப்பாகக் கிடைக்கும் என்று பாஸ்டர் ஐயா சொல்லியிருந்தாராம். அதனால் வேண்டுதலை வளவளவென்று வைக்காமல் நறுக்காக ஒரே வரியில் வைத்தார்கள்: கர்த்தாவே, ஆல்பின் இருக்கும் ஊரின் குளிரைக் குறைத்தருளும்.

"ஏன் ரோசு, அவனை வேற ஊருக்கு மாத்தச் சொல்லிக் கேட்டா என்ன? ஊரையே மாத்தச் சொல்றியே" என்றேன் நான்.

"ஆண்டவருக்கு எது பெருசு புஷ்பாக்கா? அவன் மட்டும் தப்பிச்சு வந்தா அந்த லியான் பையன், கிழவர், மாடுங்க எல்லாம் என்ன பண்ணும்? எல்லாருக்குமா கேப்போம்."

அவள் அப்படித்தான். எனக்கு இந்தச் சமாசாரங்களில் நம்பிக்கை விட்டுப்போய் நாளாயிற்று. என் வீட்டுக்காரர் படுத்த படுக்கையாக இருந்தபோது தீ மிதிக்கிறேன் என்று காளியம்மனிடம் வேண்டிக்கொண்டேன். மிதிக்கிற வேலையை அம்மன் எனக்கு வைக்கவில்லை. சாமிகளுக்குக் காது இல்லை என்பதுதான் என் கட்சி. ரோசிடம் அதைச் சொல்லிக் கேலி செய்வேன், அவள் சிரித்துக்கொண்டே எனக்காகவும் ஜெபித்துவிட்டுப் போவாள்.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷக் குளிர்காலம் வந்தது. எங்களுக்கு அது விடிகாலையில் கொஞ்சம் மூட்டமும், டீக்கடையில் ஸ்வெட்டர் போட்ட கிழவர்களும்தான். ஆல்பின் போன் செய்தான். குரல் தெளிவாக இருந்தது.

"அம்மா, இந்த வருஷம் அதிசயமா இருக்கு. கிறிஸ்மஸ் வரப்போவுது, இங்க மழை பெய்யுது. புல்லு பச்சையா நிக்குது. கிழவரு அவர் ஆயுசுல இப்படிப் பாத்ததே இல்லயாம்."

ரோஸ் கையிலிருந்த ரிசீவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அவன் பேசிக்கொண்டே இருக்கிறான், இவள் அங்கேயே "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்கிறாள். நான் தட்டிச் சொன்ன பிறகுதான் மறுபடி காதில் வைத்தாள்.

"நாங்க எல்லாரும் உபவாசம் இருந்தோம்டா. உனக்காகத்தான்."

"அப்படியா சங்கதி" என்று சிரித்தான். "அப்ப கொஞ்சம் குறைச்சுக்கம்மா. உங்க ஜெபம் அதிகமாயிட்டுது. ஏரி உறையவே மாட்டேங்குது."

"உறையாட்டி நல்லதுதானடா. தண்ணி தண்ணியா இருந்தாத்தானே ஏரி? நம்ம கன்டோஜி ஏரி என்ன உறைஞ்சா கெடக்குது?"

இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கும் அன்றைக்குத் தெரியவில்லை. அவன் சிரித்தான். நாங்களும் கூடச் சேர்ந்து சிரித்தோம். தலையில் துண்டு கட்ட வேண்டாமா என்று அவனே கேட்டான், இந்த வருஷம் வேண்டாம் என்று ரோஸ் பெரிய மனசு பண்ணி விட்டுக்கொடுத்தாள். அதுதான் அவன் கடைசியாகப் பேசியது.

கேட்டது கிடைத்துவிட்டது, ஆகவே உபவாசம் முடிந்தது. வெள்ளிக்கிழமை ரோஸ் மத்தியானமே சாப்பிட்டாள், என் கடையில் உட்கார்ந்து இரண்டு தோசை. அடுத்த வெள்ளியும் சாப்பிட்டாள். கிறிஸ்மஸுக்கு முந்தின ஞாயிறு சர்ச்சில் ஸ்தோத்திரக் காணிக்கை. ஒரு சேவலையும், வாழைத்தாரையும், தான் தைத்த வெள்ளை மேசை விரிப்பையும் கொண்டுபோய் வைத்தாள். மகன் ஆல்பின் வசிக்கும் ஊரில் குளிரைக் குறைத்த தேவனுக்கு ஸ்தோத்திரம் என்று பாஸ்டர் ஐயா சபை முன்னால் வாசித்தாராம். எங்கள் சந்தில் சர்ச்சுக்குப் போகாதவர்கள்தான் அதிகம். அதற்காக அவர்களை விட்டுவிடுவாளா? தேங்காய்ச் சோறும் கோழிக் குழம்பும் பெரிய குண்டானில் ஆக்கி, வீட்டுக்கு ஒரு தட்டாகக் கொண்டு போனாள்.

என் தட்டை ஞானமுத்து அண்ணன் கொண்டு வந்தார். தனக்கும் ஒன்று வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். ரோஸ் சந்தின் மறுகோடிக்குத் தட்டெடுத்துப் போயிருந்தாள். நாலு வாய்கூட உண்டிருக்க மாட்டோம், போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். ஆல்பின் குரல் இல்லை. லியான். "ஊலே இருக்கிறாரா?" என்று பர்மா பேச்சில் கேட்டான். மாமாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள், ரிசீவரை அண்ணனிடம் நீட்டினேன்.

அண்ணன் எச்சில் கையை விலக்கி வைத்துக்கொண்டு இடது கையால் ரிசீவரை வாங்கினார். லியான் சொன்னது எனக்கும் கேட்டது. சனிக்கிழமை ஒரு மாடு கன்று போடுகிற நேரம். கிழவர் டவுனில் இருந்திருக்கிறார். ஏரியில் முந்தின ராத்திரி மேலாக ஏடு பிடித்து, அதன்மேல் கொஞ்சம் பனி தூவி, பார்க்க எல்லா வருஷமும்போல வெள்ளையாகத்தான் இருந்திருக்கிறது. படகு நுழையாது. ரோட்டில் சுற்றிப் போனால் மாடு தாங்காது என்று ஆல்பின் மேலேயே நடந்திருக்கிறான். நடு ஏரியில் உடைந்தது. ஆட்கள் வந்த பிறகுதான் எடுக்க முடிந்தது.

"இந்த வருஷம் குளிரே இல்லை ஊலே" என்று லியான் விம்மினான். "மத்த வருஷம்னா லாரியே போகும். குளிர் இல்லாததுதான் அவனைக் கொன்னுடுச்சு."

உடம்பை அனுப்ப வழியில்லை, அங்கேயே சர்ச் வளாகத்தில் அடக்கம் செய்கிறார்கள் என்றான். வேறு வருஷமாக இருந்தால் மண் கல்லாகக் கிடக்கும், குழி வெட்ட நெருப்புப் போட்டு இளக்க வேண்டும், இந்த வருஷம் சுலபமாக வெட்டிவிடலாம் என்று கிழவர் சொன்னதையும் சேர்த்துச் சொன்னான். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தானோ என்னவோ, பாவம்.

அண்ணன் ரிசீவரை வைத்தார். வலது கையில் ஒட்டியிருந்த தேங்காய்ச் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். நன்றி சொல்லி ஆக்கிய சோறு. அப்போது வாசலில் ரோசின் செருப்புச் சத்தம் கேட்டது.

"தங்கச்சி" என்றார் அவசரமாக. "குளிர் இல்லாததுனாலங்கிறத மட்டும் அவகிட்ட சொல்லிடாத. ஆண்டவர் மேல சத்தியமா சொல்லிடாத."

நான் தலையாட்டினேன். ரோஸ் காலித் தட்டோடு உள்ளே வந்தாள். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். அவர் சொன்னார். அவள் விழவில்லை, அலறவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு, "எப்படி?" என்று மட்டும் கேட்டாள்.

"குளிர்" என்றார் அண்ணன். "வெளிய போனவன் குளிர்ல வெறைச்சிட்டானாம்."

அந்தப் பொய் கருணையான பொய் என்றுதான் நானும் நினைத்தேன். அவள் ஜெபம் அவள் பிள்ளையைக் கொன்றது என்று எந்த வாயால் சொல்வது? கொன்றதா என்பது வேறு கேள்வி. நான் நம்பாதவள், வானிலை என் பேச்சையும் கேட்காது, ரோஸ் பேச்சையும் கேட்காது என்பேன். ஆனால் நம்புகிறவளுக்கு அது நேர்க்கணக்கு. கேட்டாள், கிடைத்தது, பிள்ளை செத்தான்.

கிறிஸ்மஸ் போயிற்று. துக்கம் கேட்க வந்தவர்கள் வந்து போனார்கள். ஒரு நாள் நான் கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். ரோஸ் தையல் மெஷின் முன்னால் ஒன்றும் தைக்காமல் உட்கார்ந்திருந்தாள். கஞ்சியைத் தொடவில்லை.

"ரெண்டு வெள்ளி சாப்பிட்டேன் புஷ்பாக்கா" என்றாள்.

"என்ன சொல்ற?"

"குளிர் குறைஞ்சிட்டுதுன்னு உபவாசத்த விட்டுட்டேன். உங்க கடையிலதான் உக்காந்து தின்னேன். அந்த ரெண்டு வாரத்துல குளிர் திரும்பி வந்து எம்பிள்ளயக் கொண்டு போயிட்டுது. வயித்தக் கட்ட முடியாதவ நான்."

சுவரோரம் பெஞ்சில் அண்ணன் இருந்தார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. வெளியே வந்து அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பிடிபிடியென்று பிடித்தேன். இதற்கா பொய் சொன்னீர்கள், இப்போது என்ன செய்யப்போகிறீர்கள் என்றேன். கோபம் எனக்கு யார் மேல் என்றே தெரியவில்லை. அவர்தான் எதிரே இருந்தார்.

"உண்மையச் சொன்னா அவ ஜெபம் கொன்னதா ஆவும்" என்றார். "சொல்லாட்டி அவ சோறு கொன்னதா ஆவுது. நீயே சொல்லு தங்கச்சி, எதச் சொல்லட்டும்?"

வாய் கிழியப் பேசுகிற நான் வாயை மூடிக்கொண்டு வந்து கல்லைத் தேய்த்தேன்.

ரோஸ் மறுபடி உபவாசம் ஆரம்பித்தாள். இந்தத் தடவை லியானுக்காக. இன்னொரு தாய் பிள்ளையாவது தப்பட்டும் என்றாள். வெள்ளிக்கிழமை மட்டும் என்ற கணக்கெல்லாம் போயிற்று. பகலில் ஒன்றும் இல்லை, ராத்திரி ஒரு டம்ளர் அரிசிக் கஞ்சி, சில நாள் அதுவும் இல்லை. வளையல் முழங்கை வரை ஏறியது. கடைக்கு வரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். டாக்டர் திட்டினார், பாஸ்டர் ஐயா வந்து போதும் என்றார். யார் பேச்சையும் அவள் கேட்கவில்லை. தினம் சாயங்காலம் முழங்காலில் நின்று அதே வரியைச் சொல்வாள், அந்த ஊரின் குளிரைக் குறைத்தருளும். அண்ணன் பக்கத்தில் நிற்பார். ஆமென் சொல்கிற இடத்தில் அவருக்கு இருமல் வந்துவிடும். அந்த அடிக்குரல்காரர் மூன்றெழுத்துச் சொல்ல முடியாமல் இருமுவதை நானே கேட்டிருக்கிறேன். இப்படியே போனால் இவளும் போய்விடுவாள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது. ஆனாலும் நாங்கள் சொல்லவில்லை.

லியான் இடையில் ஓரிரு தடவை போன் செய்தான். அண்ணனே ஓடி வந்து எடுத்தார், ரோசை அண்டவிடவில்லை. பிப்ரவரியில் ஒரு மத்தியானம் மீ போயிருந்தது. கரண்டுக்கு எங்கள் பேச்சில் மீதான். விசிறி ஓடாத புழுக்கத்தில் ரோஸ் என் உள்ளறையில், போனுக்குப் பக்கத்திலேயே ஓய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளை வீட்டுக்குக் கூட்டிப்போக வந்த அண்ணன் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் கல்லில் மாவை ஊற்றிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. நாங்கள் இரண்டு பேரும் உள்ளே பாய்வதற்குள் அவள் எடுத்துவிட்டாள்.

"யாரு, லியானா? அடோ பேசறேன்யா. குளிர் எப்படி இருக்கு?"

பர்மா பேச்சில் அத்தைக்கு அடோ. அவன் பர்மா பேச்சிலேயே சொன்னான், "இப்ப நல்ல குளிர் அடோ. ரொம்பக் குளிர்."

ரோஸ் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "பயப்படாதய்யா. நான் உபவாசம் இருக்கேன். குறைஞ்சிடும்."

அண்ணன் அவள் தோளைத் தொட்டார். "குடு, நான் பேசறேன்" என்றார். அவள் தரவில்லை.

"ஐயோ, வேண்டாம் அடோ" என்றான் லியான். அவன் குரல் அறை முழுக்கக் கேட்டது. "குறைய வேண்டாம். குளிர் வந்துதான் ஏரி கெட்டியாச்சு. இப்ப தைரியமா நடந்து போறோம். இந்தக் குளிர் அன்னைக்கே வந்திருந்தா ஆல்பின் தண்ணிக்குள்ள விழுந்திருக்க மாட்டான். ஊலே சொல்லலயா?"

ரோஸ் ரிசீவரை மெதுவாக, இடம் பார்த்து வைத்தாள். புருஷனைப் பார்த்தாள், பிறகு என்னை. இரண்டு பேருமே கண்ணைத் தாழ்த்திக்கொண்டோம். அது போதும் அவளுக்கு. வெளியே தோசை கருகுகிற வாடை வந்தது. யாரும் அசையவில்லை.

"அப்ப ஆண்டவருக்குக் கேட்டிருக்கு" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. அழவும் இல்லை. சாமிகளுக்குக் காது இல்லை என்று இத்தனை வருஷம் நொந்துகொண்டிருந்தவள் நான். காது இருக்கிற சாமியை நினைத்து எனக்கு அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பயம் வந்தது.

ரோஸ் என் பக்கம் திரும்பி, "புஷ்பாக்கா, சோறு இருக்கா?" என்று கேட்டாள்.

இருந்தது. காலையில் வடித்த சோறு, பருப்பு, கொஞ்சம் கருவாடு. இரண்டு தட்டில் போட்டு இரண்டு பேர் முன்னாலும் வைத்தேன். அண்ணன் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். சாப்பிடுமுன் ஜெபம் செய்வது அவர்களுக்குப் பிறவியிலிருந்து வந்த பழக்கம். அவர் கண்ணை மூடி, தலையைக் குனிந்து, "ஆண்டவரே" என்று ஆரம்பித்தார்.

ரோஸ் எட்டி அவர் வாயைக் கையால் பொத்தினாள்.

"வேணாங்க" என்றாள். "அவர்கிட்ட ஒண்ணும் கேக்காதீங்க."